கெடாவில் இங்கிலாந்தைப் படம்பிடிப்பது எப்படி?

பழைய பண்ணை, காலைப் பனி, இலை சிவந்த மரம் என்று இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் படம்பிடிக்க ஆசை, விமான டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை என்கிறீர்களா? சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறுங்கள். ஸ்கார்பரோ அங்கேயே இருக்கிறது. யார்க்‌ஷர் கடற்கரை ஊர் இல்லை, தோட்டம். பாடாங் செராயில் விக்டோரியா, ஹென்ரியெட்டா என்று இரண்டு சீமாட்டிகள். கோலக்கெட்டில் பக்கம் ஸ்காட்லாந்தின் பாடனாக். அயர்லாந்தும் வேண்டுமென்றால் காராங்கானில் டப்ளின். தொரைமார் கப்பலேறிவிட்டார்கள்; பேர்கள் மட்டும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் தங்கிவிட்டன. முதல் படமாக அந்தப் பலகையை எடுங்கள்.

மாதம் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் வாருங்கள். வடக்கே வெயில் காய்ந்ததும் கித்தா மரம் இலையைப் பழுக்கவிட்டு உதிர்க்கும். நிரை நிரையாகச் செம்பு நிறம், தரையெல்லாம் சருகு. “லண்டனுக்கு வெளியே ஒரு மாலை” என்று எழுதிப் போட்டால் கூலிம்காரரைத் தவிர வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மரத்தில் பால் குறைவதும் இதே மாதங்களில்தான். வெட்டிய பாலுக்கு ஏற்பச் சம்பளம் வாங்கிய வீடுகளில் அடகுச் சீட்டு சேர்ந்த காலம். அது லென்ஸில் விழாது, கவலை வேண்டாம். கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட தோட்டம் என்றால் எந்த மாதமும் ஒன்றுதான். பச்சை, மேலும் பச்சை.

விடிகாலை வெளிச்சம் பொன் என்பார்கள் படக்காரர்கள். பால்மரக்காரர்களுக்கு அது தாமதம். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால், நீங்கள் முக்காலியை விரிக்கும் நேரத்தில் அவர்கள் நெற்றி விளக்கோடு பாதி நிரையை முடித்திருப்பார்கள். கிட்டப் போய் ஒன்று எடுங்கள்: பட்டையில் உளி இழுத்த சரிவுக் கோடு, அதன் கீழ்முனையில் செருகிய சின்னத் தகரம், அதிலிருந்து மங்குக்கு இறங்கும் வெள்ளை நூல். சட்டையில் பட்டால் அந்தச் சட்டை உங்களுக்கு இல்லை. ஒட்டுப்பால் மூட்டைமேல் கேமராப் பையை வைக்காதீர்கள். நாற்றம் படத்தில் வராது, வீடுவரை கூடவே வரும்.

கோணத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். கீழிருந்து எடுத்தால் பங்களா பெரிதாகும், மேலிருந்து எடுத்தால் லயம் சிறிதாகும். வெள்ளைக்காரன் இதைக் கேமரா இல்லாமலே கட்டி வைத்துவிட்டுப் போனான்.

பின்னணிக்கு 1,217 மீட்டர் ஜெராய் மலை. மேகம் விலகும்வரை காத்திருங்கள். 1025-இல் கடாரம் என்ற இதே கெடாவின்மேல் இராசேந்திர சோழன் படையனுப்பியபோது இந்த வசதியெல்லாம் இல்லாததால், மெய்க்கீர்த்தியில் எழுதிக்கொண்டதோடு சரி.

காலி லயம் கல்யாண ஜோடிகளுக்கு ரொம்பப் பிடித்த இடம். பெயர்ந்த சுண்ணாம்பு, சாய்ந்த கதவு, கதவில் சாக்கட்டியால் யாரோ எழுதிய ஏழாம் வாய்ப்பாடு, எல்லாமே அழகாக விழும். மணப்பெண் சாய்ந்து நிற்கும் திட்டில் ஒரு காலத்தில் மீன் கழுவினார்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

சரித்திரப் பண்ணைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் புக்கிட் சீடிம் போகலாம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், அன்றைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் அது. வாங்கிய காசு, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியது. படத்தில் வெறும் மரங்கள்தான் தெரியும், ‘லைக்’ விழாது. எனக்குக் கெடாவில் அதைவிடப் பெரிய காட்சி கிடையாது.

கடைசியாக, மனிதர்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரு லயத்தில் பாட்டி ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, செவுத்தையே எடுக்கிறியே, என்னை ஒண்ணு எடுத்துக் குடுப்பா, வூட்டுல மாட்டணும்” என்றார். உள்ளே போய்ச் சேலை மாற்றி, திருநீறு பூசி வந்தார். பழைய சுவர் ஓரமாக நிற்கச் சொன்னேன். “அந்த அழுக்குச் செவுத்துக்கிட்டயா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேரனின் மைவி காருக்கு முன்னால் போய் நின்றார். வெளிச்சம் மோசம், காரில் என் நிழல் வேறு. ஆனால் அன்றைக்கு எடுத்ததில் யாராவது கேட்டு எடுத்த படம் அது ஒன்றுதான்.

இப்படி யாராவது கேட்டால் எடுங்கள். கடையில் கழுவி, சட்டம் போட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். பாட்டியிடம் இருப்பது பொத்தான் போன்.