லேபிளை அப்புறம் படி கண்ணு

வா கண்ணு, இப்படி உக்காரு. கொஞ்ச நாளா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்போனை நோண்டிக்கிட்டே கெடக்கறான்னு உங்கம்மா வந்து மூக்கைச் சிந்துனா. காதல் கீதல்னு இருந்தா ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுப்போடலாம்னு நானும் தெம்பாத்தான் இருந்தேன். பாத்தா கித்தாரு. அதுவும் கரண்டுல சொருகற கித்தாரு.

அப்புச்சிக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சுத்தான அந்தப் படத்தைக் காட்டுனே? செவப்புக் கலரு, தங்கக் குமிழு, தலைமாட்டுல வளைஞ்சு வளைஞ்சு இங்கிலீஷ் எழுத்து. "எப்படி அப்புச்சி இருக்குது?"ன்னு கேட்டே. நல்லாத்தான் இருக்குது, கல்யாண மாப்பிள்ளையாட்ட. அது எப்படிச் சத்தம் போடும்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லலே, நானும் கேக்கலே.

நீ வேற ஊருல பொறந்திருந்தா நான் ஒண்ணும் பேசமாட்டேன். திருப்பூர்ல பொறந்துட்டு லேபிளைப் பாத்து மயங்கறியே, அதுதான் பொறுக்கலே. காதர்பேட்டைக்கு மொத்தமா சரக்கெடுக்க வர்ற யாவாரியைப் பாத்திருக்கியா? பனியனைக் கையில எடுத்ததும் உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்புவான். ஓவர்லாக் தையலைப் பாப்பான். கழுத்து ரிப்பை இழுத்து உட்டு, அது பழையபடி திரும்புதான்னு பாப்பான். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேச்சு, இது 160 ஜிஎஸ்எம்மா 180-ஆன்னு தராசு இல்லாமச் சொல்லுவான். லேபிளு அவனுக்குக் கடைசி. பல நேரம் லேபிளே இருக்காது, போயி வேற ஒண்ணை அவனே வெச்சுத் தைச்சுக்குவான். கித்தாரையும் அப்படித் திருப்பிப் பாக்கோணும் சாமி.

லேபிள் சங்கதியைச் சொல்றேன், கேளு. ஃபெண்டர்னு தலையில எழுதி, கலிபோர்னியாவுல கொரோனாங்கற ஊருல செஞ்சதுன்னா லட்ச ரூபாய்க்கு மேல. அதே ஃபெண்டர் எல்லை தாண்டி மெக்சிகோவுல என்செனாடாவுல செஞ்சா வெலை எறங்கும். ஸ்குவையர்னு பேரை மாத்தி இந்தோனேசியாவுலயோ சீனாவுலயோ செஞ்சா இன்னும் எறங்கும். இந்த ஸ்குவையர் ஒரு காலத்துல கம்பி விக்கற கம்பெனி. 1965-ல ஃபெண்டர் அதை வாங்கிப்போட்டு, 1982-ல இருந்து அந்தப் பேரைத் தன்னோட சின்ன ரகத்துக்கு ஒட்டிக்கிச்சு. கிப்சன் பண்ணுனது இன்னும் கெட்டிக்காரத்தனம். எபிஃபோன்னு ஒரு போட்டிக் கம்பெனி இருந்துச்சு. 1957-ல அதையே வாங்கி, பின்னாடி அந்தப் பேருலயே கம்மி வெலைக் கித்தாரு போட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம கல்கத்தாக்காரங்க சும்மா இருப்பாங்களா? கிவ்சன்னு ஒண்ணு, ஹாப்னர்னு ஒண்ணுன்னு பேரு வெச்சு நாடு பூரா வித்தாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்காம வாங்கிட்டு வந்தவன் எத்தனை பேரோ. ஆனா அதுல பழகி மேடை ஏறுனவங்களும் உண்டு, அதையும் சொல்லோணுமில்ல.

ஒடனே "ஒரே ஃபேக்டரியில செய்யறாங்க, எல்லாம் ஒண்ணுதான் அப்புச்சி"ன்னு ஆரம்பிப்பே. இந்தோனேசியாவுல கோர்ட் கம்பெனி தன் பேருலயும் கித்தாரு செய்யுது, பிஆர்எஸ்ங்கற வேற கம்பெனியோட எஸ்இ ரகத்தையும் செய்யுது, நெசந்தான். நம்ம லைன்லயும் காத்தால ஒரு பையருக்கும் சாயங்காலம் வேற பையருக்கும் ஓடுது. அதுக்காக ரெண்டும் ஒரே பனியனா? ஒருத்தன் வந்து ஒவ்வொரு தையலையும் அளந்து, நூறு பீஸைத் திருப்பி அனுப்புவான். இன்னொருத்தன் வெலை மட்டும் கேப்பான். தைக்கற கை ஒண்ணுதான், கேக்கற வாய் வேற. அதனால லேபிளை முழுசா நம்பவும் வேண்டாம், சுத்தமா ஒதுக்கவும் வேண்டாம். பீஸைப் பாரு.

எப்படிப் பாக்கறது? மொதல்ல நெக்குங்கற கழுத்தோட ரெண்டு ஓரத்துலயும் வெரலை மேலயிருந்து கீழ வரைக்கும் ஓட்டு. நம்மூரு வெயில்ல கட்டை காஞ்சு சுருங்கும், அதுல பதிச்ச ஃப்ரெட்டுங்கற உலோகப் பட்டை சுருங்காது. அதனால ஃப்ரெட்டு முனையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு வெரலைக் கீறும். கீறுச்சுன்னா அங்கயே வெச்சுப்போடு. பொறவு தலைப்பக்கம் கண்ணை வெச்சு, நெக்கைக் கீழ வரைக்கும் பாரு. துவைச்சதும் பக்கத்துத் தையல் வயித்துக்கு வந்து நிக்கற பனியனை நீ பாத்ததில்லையா? அந்த மாதிரி நெக் முறுக்கிக்கிட்டு இருந்தா அதைச் சரி பண்றது லேசுல ஆகாது. லேசா வளைஞ்சிருந்தா பயப்படாதே, உள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்குது, அதைத் திருகுனா நிமிரும். மொத ஃப்ரெட்டையும் நெக்கு உடம்போட சேர்ற எடத்து ஃப்ரெட்டையும் ஒண்ணா அமுக்கிக்க. நடுவுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையற சந்து இருந்தாப் போதும்.

12-ஆவது ஃப்ரெட்டுல கம்பி எவ்வளவு ஒசரத்துல நிக்குதுன்னு பாரு. தடிச்ச கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிசுக்கு ஒண்ணரை. அதுக்கு மேல போனா வெரல் வீங்கும், ரொம்பக் கீழ போனா கரகரன்னு உரசும். அதே 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரா கம்பியைத் தொட்டும் தொடாம வெச்சு ஒருதரம் மீட்டு. அப்பறம் அமுக்கி மீட்டு. ரெண்டும் ஒரே சுருதியில இருக்கோணும். இல்லேன்னா கம்பி உக்காந்திருக்கற சேடிலை முன்னபின்ன நகத்தச் சொல்லு. சொருகற ஒயரை ஆட்டிப் பாரு, குமிழைத் திருகிப் பாரு, கரபுரன்னு சத்தம் வந்தா உள்ள பத்தவெச்சது சரியில்லே. கலரைப் பத்தி அப்புச்சி ஒண்ணும் சொல்லமாட்டேன். அது உன்னோட வயசுக் கோளாறு.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். நம்ம ஊட்டுக்கு இக்கட்ட பனியன் தைக்கற பவர்டேபிள், அக்கட்ட நிட்டிங். காத்தால எட்டு மணிக்கு மோட்டார் பூராவும் ஓட ஆரம்பிச்சா சுவத்துல காது வெச்சாலே உறுமும். கித்தாரு பிக்கப்புங்கறது என்ன? ஒரு காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மயிராட்டம் செம்புக் கம்பி. மேல இரும்புக் கம்பி அதிர்ந்தா உள்ள துளி கரண்டு பொறக்கும், அதை ஆம்ப் பெருசாக்கும். அந்தச் சுருளுக்கு உன் பாட்டு எது, நம்ம சுவத்துக்குள்ள ஓடற 50 ஹெர்ட்ஸ் கரண்டு எதுன்னு தெரியாது. ரெண்டையும் சேத்து உறிஞ்சிப்போடும். ஒத்தச் சுருள் வெச்ச கித்தாரை இங்க சொருகுனா, நீ வாசிக்கறதுக்கு முன்னாலயே பக்கத்து மோட்டார் ஆலாபனை தொடங்கிரும்.

கிப்சன்ல இருந்த சேத் லவர்ங்கறவர் 1955-ல இதுக்கு வழி கண்டுபுடிச்சாரு. ரெண்டு சுருளை எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் எதிரெதிரா வெச்சாரு. வெளிய இருந்து வர்ற உறுமல் ரெண்டுலயும் எதிரா விழுந்து அடிபட்டுப் போச்சு, கம்பியோட சத்தம் மட்டும் கூடி வந்துச்சு. அதுதான் ஹம்பக்கர். சத்தம் கொஞ்சம் கனமா இருக்கும். ஒத்தச் சுருளோட பளிச்சுன்னு இருக்கற ஓசை அதுல வராது. நீ காட்டுன செவப்புல மூணு பிக்கப்பும் ஒத்தச் சுருள்தான். யமஹா பசிஃபிகா 112 மாதிரி பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மத்த ரெண்டு எடத்துல ஒத்தச் சுருளும் இருக்கற ரகமா பாத்தா, பவர்டேபிள் ஓடறப்ப ஒண்ணு, மோட்டாரெல்லாம் நின்னு ஊரு அமைதியாகிற ஞாயித்துக்கெழமை ஒண்ணுன்னு மாத்திக்கலாம். கம்பியைக் கையால தொட்டா உறுமல் கொறையுதான்னும் பாரு. கொறைஞ்சா எர்த் ஒயரு ஒழுங்கா இருக்குதுன்னு அர்த்தம். கையில சுர்ருன்னு புடிச்சா கித்தாரை வெச்சுட்டு எலக்ட்ரீசியனைக் கூப்புடு. பிளக்குல மூணாவது முள்ளை ஒடச்சு எறிஞ்சுபோட்டு ரெண்டுல சொருகற பழக்கம் இந்த ஊட்டுல உனக்குத்தான் உண்டு, அதை அயர்ன் பாக்ஸோட நிறுத்திக்க.

அளவும் இருக்குது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல வந்தது, கம்பி நீளம் 25.5 அங்குலம். லெஸ் பால் 1952-ல வந்தது, 24.75 அங்குலம். முக்கா அங்குலந்தானன்னு நெனைக்காதே. ஒரே கம்பி, ஒரே சுருதின்னா நீளமானதுல இழுவை எச்சா, குட்டையில வளைக்க லேசு. கமகத்துக்கு அந்த வளைப்புத்தானே வேணும். உங்க அம்மாயிக்குப் புடிச்ச மாண்டலின் சீனிவாஸ் 1981-ல சின்னப் பையனா சென்னையில வந்து உக்காந்தப்ப, அந்த வாத்தியத்துல கமகம் வருமான்னு பெரியவங்க மொகத்தைச் சுளிச்சாங்க. அவரு ஜோடி ஜோடியா இருந்த எட்டுக் கம்பியை அஞ்சு ஒத்தக் கம்பியா மாத்தி, கரண்டுல சொருகி, இழுத்து வாசிச்சுக் காட்டுனாரு. ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னா அதையே எலக்ட்ரிக் கித்தாருல பண்றாரு. கரண்டு வந்தா ராகம் செத்துப்போகும்னு சொன்னவங்க பேரு இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இல்லே. அதனால கரண்டைப் பத்தி உங்கம்மா பேசுனா நான் பாத்துக்கறேன்.

அந்த வெரல் ஓடற பலகை என்ன மரம்னு கேட்டியா? உசத்தி ரகத்துல நம்ம ஈட்டி மரம், இங்கிலீஷ்ல ரோஸ்வுட். ஆனைமலையிலயும் நீலகிரியிலயும் நிக்குமே, அதேதான். பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டை 1992-ல யாவாரத்துக்கே தடை பண்ணுனாங்க, அதுக்கு முன்னாலயே உலகம் நம்ம ஈட்டிப் பக்கம் திரும்பிருச்சு. 2017 சனவரியில ஈட்டி சாதி மரம் அத்தனைக்கும் உலக அளவுல கட்டுப்பாடு வந்துச்சு. கித்தாரு கம்பெனியெல்லாம் கலங்கிப்போயி வேற மரம் தேடுனாங்க. 2019 கடைசியில செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் தளர்த்துனாங்க. நடுவுல ஸ்குவையரும் எபிஃபோனும் பலதுக்கு இந்தியன் லாரல் போட்டாங்க. அது வேறொண்ணுமில்ல, நம்ம கருமருது சாதி. அமெரிக்கப் பேரு, சீனத்துக் கூலி, நம்ம மலை மரம். நீ போட்டிருக்கற அந்த கித்தாருப் பட பனியனைக் கழட்டிப் பாரு, பிரிண்ட் நம்ம பெருமாநல்லூர் ரோட்டுல அடிச்சதா இருந்தாலும் இருக்கும்.

பணம்? கையில இருக்கறதெல்லாம் கித்தாருல போட்டுட்டு, ஆம்புக்கு ஓட்டை ஸ்பீக்கர் தேடாதே. சத்தம் போடறது ஆம்ப்தான். பாதியை அதுக்கு ஒதுக்கு. கடையில வாங்கறப்பவே செட்டப் பண்ணித் தரச்சொல்லு, இல்லேன்னா அதுக்குத் தனியா எடுத்து வெய்யி. பத்து இருபதாயிரம் ரூபாய்க் கித்தாரை நல்ல கை திருகிக் குடுத்தா, திருகாத லட்ச ரூபாய்க் கித்தாரைக் கூசவெச்சுரும். கோயமுத்தூர்ல பாரு, மனசு அடங்கலேன்னா சென்னைக்கே போ. அண்ணா சாலையில மியூஸி மியூசிக்கல் 1842-ல இருந்து கடை நடத்துது, உன்னை மாதிரி ஆயிரம் பேரைப் பாத்த கடை. வேணும்னா மூணு நாலு எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு வாசி. கண்ணைத் தொறந்துக்கிட்டு வாசிச்சா செவப்புதான் ஜெயிக்கும்.

பாதிப் பணம் நான் தர்றேன். ஹெட்போன் சொருகற ஓட்டை இருக்கற ஆம்பா வாங்கோணும், அது ஒண்ணுதான் கண்டிசன். அப்பறம் உங்கப்பாகிட்ட மட்டும் நான் குடுத்தேன்னு சொல்லிப்போடாதே. போன வாரந்தான் மாப்பிள்ளை புது ஓவர்லாக் மிஷின் எடுக்கோணும்னு வந்து நின்னாரு, கையில சல்லிக் காசில்லேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கேன்.