நிற்றல் நிலையில் இரு அதிவேகக் கார்கள்: ஓர் ஒப்பாய்வு

இத்தாலியின் ஃபெராரி எஃப்40, ஜெர்மனியின் போர்ஷே 959 ஆகிய இரண்டையும் ஒப்பிட்ட முன்னாய்வாளர்கள் ஓட்டத்தையே அளவுகோலாகக் கொண்டனர். முன்னது மணிக்கு 324 கி.மீ., பின்னது 317 கி.மீ.; இடையிலுள்ள அந்த 7 கி.மீ.க்காக ஏறத்தாழ 40 ஆண்டுகளாகச் சண்டை ஓயவில்லை. இரண்டுமே ஆயுளின் பெரும்பகுதியைக் குளிரூட்டிய கொட்டகையில், உறை போர்த்திக்கொண்டு கழிப்பவை என்பது ஏனோ அவர்கள் கண்ணில் படவில்லை. இவற்றுக்கு நிற்றலே இயல்பு, ஓடுதல் விகாரம். இதுவே எம் கருதுகோள்.

முதலில் எஃப்40. ஃபெராரி நிறுவனத்தின் 40ஆம் ஆண்டை ஒட்டி 1987இல் வந்தது. மறு ஆண்டே நிறுவனர் என்ஸோ ஃபெராரி காலமானார். உள்ளே விரிப்பு இல்லை, ரேடியோ இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கம்பிக்கயிற்றை இழுக்க வேண்டும். பெயின்ட்டையும் சிக்கனமாகவே அடித்ததால், உற்றுப் பார்த்தால் அடியிலுள்ள இழைகளின் நெசவு தெரியும். கையிருப்பு தீர்ந்ததும் பாதி வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியவர் வீடு மாதிரி இருக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். நிற்கிற காருக்கு எடை ஒரு குறையா என்று ஃபெராரியின் ஊரான மாரனெல்லோவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 400 கார்கள் என்று தொடங்கி, 1,300க்கு மேல் செய்து தள்ளினார்கள்.

959 எதிர்த்துருவம். சாலைக்கென வந்தவை சுமார் 300. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் கணினி, காரின் உயரத்தை மாற்றும் ஏற்பாடு, டயரில் காற்று இறங்கினால் எச்சரிக்கும் கருவி எல்லாம் 1980களிலேயே அதில் இருந்தன. கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் நிற்கும் காருக்குப் பொருத்தமான உறுப்பு என்பது எம் துணிபு. 1986இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் முதலிரு இடங்களையும் 959தான் பிடித்தது. அது நிற்க.

நம் ஆய்வுக்கு உகந்த தரவு பாலைவனத்தில் இல்லை, அமெரிக்கச் சுங்கக் கிடங்கில் இருக்கிறது. அந்நாட்டுப் பாதுகாப்பு, புகை விதிகளுக்கேற்பச் சான்று பெறாத 959 அப்போது அங்கே நுழைய முடியவில்லை. பில் கேட்ஸ் வாங்கிய கார் சுமார் 13 ஆண்டுகள் சுங்கத்தாரிடமே நின்றது. பணம் படைத்த சேகரிப்பாளர் எவரும் இவ்வளவு ஒழுங்காக ஒரு காரை நிறுத்திவைத்ததில்லை.

1990களின் இறுதியில் விதி தளர்ந்தது. அரிய கார்களைக் காட்சிக்காகக் கொண்டுவரலாம். ஆனால் ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேல் சாலையில் ஓட்டக் கூடாது. 959ஐ உச்ச வேகத்தில் விரட்டினால் இத்தொலைவு 13 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எஞ்சிய 8,747 மணி நேரமும் அது நின்றே தீர வேண்டியிருந்தது.

எஃப்40க்கு இத்தகைய சட்டத் துணை வாய்க்கவில்லை. அதன் உரிமையாளர்கள் தாமாகவே முன்வந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.