வஞ்சிரத்தின் ராஜபோகம்

பாவம், அந்தக் காலத்துத் துரைமார்கள். ஒரு கிளாஸ் குளிர்ச்சிக்கு பாஸ்டன் பக்கத்துக் குளத்தில் பனிக்கட்டி வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதை வைக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு மாளிகையே எழுப்ப வேண்டியிருந்தது.

இன்று விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். ஐஸ் பாரை மெஷினில் போட்டு நொறுக்கி, வஞ்சிரத்துக்கு மெத்தை, சங்கராவுக்குப் போர்வை! அன்றைய கவர்னர் பார்த்தால் பொறாமையில் வெந்துபோவார். இதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

பெட்டி தூக்கும் அண்ணன் மட்டும் வியர்வையில் நிற்கிறாரே என்று வருந்தாதீர்கள். அவருக்கும் ஒருநாள் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி உண்டு. மாலையோடு படுக்கலாம். வாடகைதான், போன் செய்தால் நடுராத்திரியிலும் வீட்டுக்கே வரும்.