மாண்புமிகு நத்தையார்

மதுரையிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு நியூசிலாந்து பிடித்துப் போய்விட்டது. அதன் நாடாளுமன்றம்தான் பிடிக்கவில்லை. 2025 ஆகஸ்ட், வெளியே விடாத ஆக்லாந்து மழை. எங்கள் சாண்ட்ரிங்ஹாம் வீட்டு ஹாலில், ஹீட்டருக்கு ஓரடி தள்ளி, மங்கி கேப்போடு உட்கார்ந்து வெலிங்டன் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, வையவே மாட்டேங்குறாய்ங்க?"

அந்த நேரம் பார்த்து, ஆக்லாந்து மத்தியத் தொகுதியின் பசுமைக் கட்சி எம்.பி. க்ளோயி சுவார்பிரிக்கை சபாநாயகர் ஜெரி பிரவுன்லீ வெளியே அனுப்பினார். பாலஸ்தீனம் பற்றிய விவாதம். மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அந்தம்மா மாட்டேன் என்றார், அந்த வாரம் முழுக்க உள்ளே வராதே என்றாகிவிட்டது.

"அந்தப் புள்ள என்னதான் சொல்லுச்சு?"

"ஆளுங்கட்சிப் பக்கம் இருக்குற 68 பேர்ல முதுகெலும்பு உள்ளவங்க ஆறு பேர் தேறினாப் போதும்னாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், சித்தப்பா."

ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்தார். "மதுரையில அது வாழ்த்துரைடா."

அவர் வருத்தம் நியாயமானதுதான். நம் மொழியில் ஒருவரை அவமதிக்க வார்த்தையே தேவையில்லை, ஒரு 'ர்' போதும். 'தலைவர் வந்தார்' என்பதை 'வந்தான்' ஆக்கினால் ஊர் இரண்டுபடும். சித்தப்பா ஊரில் 'வந்தாய்ங்க' என்றால் பாசமா பகையா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1949இல் பிரிந்து போன தி.மு.க.வினரைப் பெரியார் ஆண்டுக்கணக்கில் 'கண்ணீர்த்துளிகள்' என்றே குறிப்பிட்டு வந்தார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. 2006இல் 234க்கு 96 இடம் பெற்று ஆட்சி அமைத்த தி.மு.க.வை ஜெயலலிதா ஐந்தாண்டும் 'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்றே சொன்னார். மூச்சு விடுவதுபோல அந்த மைனாரிட்டி வரும். ஆங்கிலத்துக்கு இந்த விகுதி வசதி கிடையாது. எதிரியைப் பற்றிப் பேசும்போதும் வினைச்சொல் மொட்டையாகவே நிற்கும், குத்துவதற்கு வேறு இடம் தேட வேண்டும். எங்கே தேடினார்கள் என்பதை சித்தப்பாவுக்கு விளக்க, நான் ஆக்லாந்தின் பழைய குழாயடிச் சண்டை ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆக்லாந்தில் விமானம் விட்டு இறங்கும் எவரும் முதலில் மிதிப்பது மாங்கெரே மண்ணை. சித்தப்பா அதை 'மாங்கரை' என்றே சொல்வார், கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி போகிற வழியில் இருப்பதுபோல. எழுபதுகளில் இந்த மாங்கெரேவின் எம்.பி. கோலின் மொய்ல், தொழிற்கட்சிக்காரர். நகரின் இன்னொரு பக்கம் டமாகி தொகுதி. அதன் எம்.பி. ராபர்ட் மல்டூன் 1975 கடைசியில் பிரதமரானவர். ஆள் குட்டை, கன்னத்தில் குழி, தொழிலால் கணக்காயர். கணக்காயர்கள் மிருதுவாகப் பேசுவார்கள் என்று எண்ணியிருந்த தேசத்தை அவர் ஏமாற்றினார். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரைக் கடலைக்காய் விவசாயி என்றார். வேலை தேடி ஆஸ்திரேலியா போகிற சொந்த ஜனங்களைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் போவதால் இரண்டு நாட்டின் சராசரி அறிவும் கூடுகிறது என்றார். இதைக் கேட்டதும் சித்தப்பா மங்கி கேப்பைக் கழற்றினார். மரியாதைக்கு.

1976 நவம்பர் 4. அவையில் மல்டூன் பேசிக்கொண்டிருக்கிறார், எதிர்வரிசையில் மொய்ல் சிரிக்கிறார். பிரதமர் நிறுத்தி நிதானமாகச் சொன்னதன் சாரம் இது: மாங்கெரே உறுப்பினரின் பெண்தனமான சிரிப்பை நான் மன்னிக்கிறேன், ஏனென்றால் அவர் பின்னணி எனக்குத் தெரியும்.

வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'பெண்தனமான' என்பது ஊசிதான், ஆனால் அது தோலோடு நிற்கும். விஷம் இருப்பது 'மன்னிக்கிறேன்' என்பதில். யார் கேட்டது மன்னிப்பு? கூடவே 'தெரியும்' என்று ஒரு வால். நம்மூரில் 'உன் வண்டவாளம் தெரியாதா' என்று தெருவில் நின்று கத்துவதை, டை கட்டி, அவைத்தலைவரை விளித்து, தணிந்த குரலில் சொல்லிவிட்டார். மொய்லும் சளைக்கவில்லை. நீங்கள் இருந்த கணக்காயர் நிறுவனம் நேர்மையற்றது என்று நான் சொன்னால் எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டார். மல்டூன் தணிந்த குரலைத் தூக்கி ஓரம் வைத்தார். ஓரினச் சேர்க்கை சம்பந்தமாகப் போலீஸ் மொய்லைப் பிடித்தது என்று அவையிலேயே போட்டுடைத்தார். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அது அன்றைக்குக் குற்றம், 1986இல்தான் சட்டம் மாறியது. மொய்ல் அந்த ஆண்டின் இறுதியில் பதவி விலகினார்.

ஒரு சிரிப்பை மன்னித்ததில் ஒரு எம்.பி. காலி. மல்டூனுக்கு வெற்றி என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். காலியான மாங்கெரேவுக்கு 1977 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தது. அதில் ஜெயித்து உள்ளே நுழைந்தவர் ஒட்டாஹூஹூக்காரரான டேவிட் லாங்கி. ஆக்லாந்து நீதிமன்றங்களில் ஏழைபாழைகளுக்கு வாதாடிய வக்கீல். ஆள் மலை, குரல் வெண்கலம், மல்டூனைவிட வேகமான நாக்கு. பக்கத்து வீட்டுக்காரன் ஓடிப்போகட்டும் என்று வேலியைப் பிடுங்கினால், அந்த ஓட்டை வழியாக யானை வந்து நின்றது.

1984 ஜூன் 14 இரவு, கொஞ்சம் போதையில் மல்டூன் திடீர்த் தேர்தலை அறிவித்தார். சரியாக ஒரு மாதம்தான் இடைவெளி. எதிர்க்கட்சிக்கு நேரம் போதாதே என்று அவரே சந்தோஷப்பட்டார். பிறகு தொலைக்காட்சி விவாதம். மல்டூன் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் 'சர்' பட்டம் வாங்கியிருந்தார். ஒரு பக்கம் சர் ராபர்ட், மறு பக்கம் வெறும் மிஸ்டர். கடைசியில் லாங்கி, தோற்றாலும் ஜெயித்தாலும் எல்லோரும் சேர்ந்து நாட்டைத் தூக்கி நிறுத்துவோம் என்ற தோரணையில் கைநீட்டினார். மல்டூன் உதட்டை ஒருபக்கம் இழுத்துச் சொன்னார்: "ஐ லவ் யூ, மிஸ்டர் லாங்கி."

"நல்லாத்தானேடா சொல்லியிருக்கான்" என்றார் சித்தப்பா. முன்னாள் பிரதமருக்கு 'ர்' போய்விட்டிருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. வசை அந்த மிஸ்டரில் இருக்கிறது என்று விளக்கினேன். வெறுமனே 'டேவிட்' என்றிருந்தால் நட்பு. கையைத் தட்டிவிட்டிருந்தால் கோபம். இது இரண்டுமில்லை, குழந்தை தந்த மண்சோற்றைச் சாப்பிடுவதுபோல நடிப்பது. ஜூலை 14இல் ஓட்டு எண்ணியபோது 95 இடங்களில் தொழிற்கட்சிக்கு 56, மல்டூன் கட்சிக்கு 37. நாற்பத்தொரு வயது லாங்கி பிரதமர். அவருடைய விவசாய அமைச்சர் யார் தெரியுமா? 1981இல் வேறு தொகுதியில் நின்று திரும்பி வந்துவிட்ட கோலின் மொய்ல். அன்று அவர் எப்படிச் சிரித்தார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

முதுகெலும்புக்கு வருகிறேன். மல்டூனுக்கு முந்தைய பிரதமர் பில் ரௌலிங்கை, ஏறிப் போக முதுகெலும்பு தேடி அலையும் நடுக்கம் என்று கேலி செய்த வசனம் ஒன்று மல்டூன் பெயரில் இன்றும் உலவுகிறது. 2015இல் ஈராக்குக்குப் படை அனுப்புவது பற்றிய விவாதத்தில், எதிர்க்கட்சியைப் பார்த்துக் கொஞ்சம் குடலைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பிரதமர் ஜான் கீ கத்தினார். ஆங்கிலத்தில் துணிச்சல் குடியிருப்பது குடலில். அதற்காக அவரை யாரும் வெளியேற்றவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பு அவைக்கு உகந்தது, முதுகில் இருப்பது உகந்ததல்ல போலிருக்கிறது.

உகந்ததல்லாததை அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் சித்தப்பாவைக் கவர்ந்தது. நம் சட்டமன்றத்தில் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். இவர்கள் பட்டியல் போட்டு, ஆண்டு வாரியாக, நாடாளுமன்ற வலைத்தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். 1936இல் ஒருவரைக் காளான் விவசாயி என்றிருக்கிறார்கள். 1949இல் இன்னொருவரின் மூளை, கடலைத் தோட்டுக்குள் ஆயிரம் வருஷம் சுற்றினாலும் ஓரத்தில் இடிக்காது. 1963இல் ஒருவருக்கு, இழவு வீட்டிலிருந்து திரும்பும் களைத்த நத்தையின் சுறுசுறுப்பு. 1946தான் என் செல்லம்: வாய்ப்புக் கிடைத்தால் மாண்புமிகு உறுப்பினரின் கழுத்தை அறுப்பேன். கத்தியை ஓங்கும்போதும் மாண்புமிகு விழவில்லை பாருங்கள்.

சித்தப்பா இங்கே இருக்கும்போதே மதுரையிலிருந்து சேதி வந்தது. தன் கட்சியின் ஆகஸ்ட் 21 மாநாட்டில் நடிகர் விஜய், அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினை 'அங்கிள்' என்றுவிட்டார். அழைத்தவருக்கு வயது 51. உறவுமுறை சொன்னது தப்பா என்று ஒரு தரப்பு, கிழவன் என்கிறாயா என்று மறு தரப்பு. நான் 2019ஐ எடுத்துக் காட்டினேன். அப்போது இருபத்தைந்து வயதான அதே சுவார்பிரிக், பருவநிலை மசோதாவில் பேசும்போது யாரோ குறுக்கிட, திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஓகே பூமர்" என்று இரண்டே சொல்லில் ஓரங்கட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். குறுக்கிட்ட டாட் மல்லர் பிறந்தது 1968இல், கணக்குப்படி அவர் பூமரே இல்லை. திரையில் வசனம் தட்டியவருக்கு அது வசை என்றே தெரியவில்லை. 'ஓகே பெர்மா' என்று போட்டுவிட்டார், பெர்மா என்று யாரோ ஓர் அம்மையார் அவையில் இருப்பதுபோல.

மல்டூனின் டமாகி 2025இல் ப்ரூக் வான் வெல்டன் கையில் இருந்தது. அந்த மே மாதம் அவர், பெண் அமைச்சர்களைத் திட்டிய ஒரு பத்திரிகைப் பத்தியை மேற்கோள் காட்டுகிறேன் என்று, ஆங்கிலத்தின் ஆகக் கெட்ட நான்கெழுத்து வார்த்தையை அவையில் முழுசாகச் சொன்னார். தொகுதியில் தண்ணீர் அப்படி.

கடைசியாக சித்தப்பாவுக்குக் காட்டியது 2022 டிசம்பர் கதை. எப்சம் தொகுதியின் டேவிட் சீமோர், பிரதமர் ஜசிந்தா ஆர்டர்னிடம், நீங்கள் ஒரு தவறு செய்து, ஒழுங்காக மன்னிப்புக் கேட்டு, சரிசெய்த உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா என்றார். பதில் சொல்லி உட்கார்ந்த ஆர்டர்ன், மைக் அணைந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்தில் முணுமுணுத்தார். ஆணவம் பிடித்தவன் என்பது முதல் பாதி. மறு பாதி, ஆண்குறிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொச்சைச் சொல். மைக் அணையவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார், சீமோருக்கு அவர் கேட்ட உதாரணம் கையோடு கிடைத்தது. அந்த அவைக்குறிப்புத் தாளில் இருவரும் கையெழுத்திட்டு, 'ட்ரேட் மீ' தளத்தில் ஏலம் விட்டார்கள். போன விலை 1,00,100 டாலர். மொத்தமும் புராஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளைக்கு. எந்த உறுப்பின் பெயரால் திட்டினாரோ அதன் பக்கத்து வீட்டுக்கே பணம் போய்ச் சேர்ந்தது.

சித்தப்பா விரல்விட்டு ரூபாய்க் கணக்குப் போட்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கொஞ்ச நேரம் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தெரு டீக்கடையில ஒரு நாள் சாயங்காலம் பேசினத மட்டும் எவனாவது எழுதி வச்சிருந்தா, இந்நேரம் மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியே கட்டியிருக்கலாமேடா."