நீதிபதிக்கும் ஓட்டுச் சீட்டு

கேள்வி: அமெரிக்காவில் நீதிபதிகளுக்கும் மக்கள் ஓட்டுப் போடுகிறார்களாமே?

பதில்: ஆமாம், பல மாநிலங்களில். முறைதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் மேல்முறையீட்டு நீதிபதியை ஆளுநர் நியமிப்பார், மூவர் ஆணையம் உறுதி செய்யும். பிறகு மக்களிடம் ஒரே கேள்வி: 'இவர் நீடிக்கலாமா, வேண்டாமா?' எதிர் வேட்பாளர் கிடையாது. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு. பெரும்பாலும் 'நீடிக்கலாம்' என்றுதான் விழும். 1986-இல் அப்படி விழவில்லை. அந்த மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், தம்மிடம் வந்த மரண தண்டனைகளை எல்லாம் ரத்து செய்யவே வாக்களித்தவர். மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே இன்னும் இரண்டு நீதிபதிகளையும். 2010-இல் அயோவா மாநிலத்தில் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்காக மூன்று நீதிபதிகள் இதே போன்ற ஓட்டில் பதவி இழந்தார்கள். மனசாட்சிப்படி எழுதிய தீர்ப்புக்காக நாற்காலியைப் பறிக்கும் இந்த முறைக்கு என் ஓட்டு: 'வேண்டாம்!'