ஆம்ஸ்டர்டாமில் ஒரு பூட்டன்

போன கிழமை இரவு ரெண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. இந்த வயதில் அந்த நேரத்தில் வருவது செத்தவீட்டுச் செய்திதான். சாரத்தை இறுக்கிக்கொண்டு எழும்பி எடுத்தால், ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகன்.

"பெரியப்பா, ஆளைப் பிடிச்சிட்டன்!"

ஆள் வேறு யாருமில்லை, எங்கள் பரம்பரையின் கடற்கொள்ளைக்காரன். ரெண்டு வருடமாக அவன் தேடுகிற ஆள். யாழ்ப்பாண அரசர் பரராசசேகரனின் வழி, சங்கிலியனின் தளபதி வழி என்றெல்லாம் மற்றக் குடும்பங்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டதால், எங்களுக்கு மிஞ்சியது கொள்ளைக்காரன் மட்டுந்தான்.

"பழைய புத்தகத்தில கிடக்குது பெரியப்பா. ஆம்ஸ்டர்டாமில இருந்து லெய்டனுக்குத் தோணி விட்ட ஆளாம். எங்களுக்கு டச்சு ரத்தம்!"

"தம்பி, அது காரைநகரடா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தப் பக்கம் நித்திரையுமில்லை.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஊர் ஞாபகம் வாட்டியதோ என்னவோ, எங்கள் தீவுகளுக்கெல்லாம் தங்கள் பட்டணங்களின் பெயரைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம். வேலணைத் தீவு லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். எழுவைதீவு ஹோர்ன். நெடுந்தீவு டெல்ஃப்ற். கடைசிப் பெயர் மட்டும் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவையும் ஒட்டியிருந்தால் எங்கள் சீவியம் எப்படி இருந்திருக்கும்? ஆம்ஸ்டர்டாம் சிவன் கோயிலில் திருவாதிரை. ஹார்லெம் நாகபூசணி அம்மனுக்குத் தேர். மிடில்பேர்க்கார முதலாளிமாருக்குக் கொழும்பில் கடைகள். ரொட்டர்டாமில் பொம்பிளை பார்த்தோம், சீதனம் பேசியது சரிவரவில்லை, ஹோர்னில் ஒரு பகுதி இருக்கிறதாம், சாதகம் வாங்கியிருக்கிறோம். லெய்டன் புகையிலை காறும், ஆனால் நின்று பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து லெய்டனுக்குப் போக விசாவா வேண்டும்? காரைநகரில் போய்ப் 'பாதை'யில் ஏறினால் அது மிதந்து மிதந்து லெய்டனின் ஊர்காவற்துறையில் இறக்கிவிடும். பக்கத்தில் ஒருவர் வாழைக்குலையோடு நிற்பார், இன்னொருவர் மோட்டார் சைக்கிளோடு. ரெண்டு ஐரோப்பிய நகரங்களுக்கு நடுவே இவ்வளவு மலிவாகப் பயணம் செய்தவர் உலகத்தில் இல்லை. வழியில் கடலுக்குள் ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹமன்ஹீல்: பன்றித்தொடையின் குதிக்கால். இலங்கையின் வரைபடம் அவர்களுக்கு உப்புப் போட்ட பன்றித்தொடையாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அது மாங்காய், கவிஞருக்கு முத்து, பசித்தவனுக்குத் தொடை. அந்தக் குதிக்காலில் குடியிருக்கிற நாங்கள்தான் பரம்பரைப் பெருமை பேசுகிறோம்.

எங்கே விட்டேன்? கொள்ளைக்காரன். வருகிறேன்.

இந்தப் பெடியனுக்காகப் போன வருடம் கொழும்பிலே ஒரு இடத்தில் பழைய ஆவணம் பார்க்கப் போனேன். ஒரு படிவம் நிரப்பினேன். அது பிழையான படிவம். மற்றப் படிவம் தருகிறவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாம் நாள் கண்ணில் பட்டது ஒல்லாந்தர் காலத்து எழுத்து. சவுக்கந்தோப்பில் காற்றடித்தது போல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்து மேசை மனிதர் இரங்கி வாசித்துச் சொன்னார். தோம்பு என்ற அந்தக் காணிப் பதிவேடு சும்மா இல்லை: காணி யாருடையது, யாருக்கு எத்தனை பங்கு, என்ன சாதி, என்ன ஊழியம், எவ்வளவு இறை, எல்லாம் இருக்கும். கொள்ளைக்காரன் என்று ஒரு நிரல் மட்டும் இல்லை. கொள்ளையடிக்கிறவனே பதிவேடு எழுதினால் அந்த நிரல் எப்படி வரும்?

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில்தான் சொல்கிறேன். 1344இல் பயணி இபின் பதூதா வந்தார். யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தி கடலில் கப்பல் விட்டுக் கொள்ளையடிக்கிற கொடியவன் என்று எழுதினார். அந்தக் கொடியவன்தான் அவருக்கு முத்துக் கொடுத்து, பல்லக்கும் ஆளும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தான். 1560இல் போர்த்துக்கேயரான கொன்ஸ்தாந்தினோ த பிரகன்சா நல்லூரில் புகுந்து புத்தரின் பல் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். பர்மாவின் பெகு அரசன் அதற்குப் பெருந்தொகை தருகிறேன் என்றான். கோவாவில் அதை உரலில் இட்டு இடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் ஏட்டில் அது பக்தி. 1591இல் யாழ்ப்பாண அரசனுக்குத் துணையாக வந்த, கோழிக்கோட்டுக் கடற்படைத் தலைவர் குஞ்சாலி மரைக்காரின் ஆட்கள் அதே ஏட்டில் கொள்ளைக்காரர். அவர்களை அடித்து, அந்த அரசன் புவிராச பண்டாரத்தையும் கொன்ற போர்த்துக்கேய ஃபுர்த்தாடோவோ தளபதி. இன்றைக்கு மும்பாயில் இந்தியக் கடற்படைத் தளம் ஒன்றுக்குக் குஞ்சாலியின் பெயர். அந்த மனிதருக்கு ஏடு மாற நூற்றாண்டுகள் பிடித்தன.

எங்கள் ஆளுக்கு அந்த வில்லங்கமில்லை. முதலில் அப்படி ஒரு ஆள் இருந்திருக்க வேண்டுமே. எங்கள் வீட்டார் கடலை எட்ட நின்று பார்த்த சாதி. என் அப்பு கால் நனைத்ததெல்லாம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில். கடலுக்குப் போகிறவன் வீட்டில் சம்பந்தம் என்று ஒரு பெடியன் வாய் திறந்ததற்கு, ஆச்சி மூன்று நாள் சாப்பிடவில்லை. அதே குடும்பத்துக்கு இப்போது கடலில் கொள்ளையடித்த பூட்டன் வேணுமாம். மீன் பிடித்தால் இழிவு, கப்பல் பிடித்தால் பெருமை!

அசல் ஆள் ஒருவர் இருந்தார்தான், ஆச்சியின் தமையனார். வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கூட்டாளிகளோடு இந்தியாவிலிருந்து சேலையும் பீடி இலையும் இறக்கினவர். வீட்டில் அதற்குப் பெயர் 'யாவாரம்'. அவருடைய படத்தைப் பெறாமகனுக்கு அனுப்பினேன். "உவர் வெறும் கள்ளக்கடத்தல் பெரியப்பா, சரித்திரமில்லை" என்றான். நூறு வருடம் பழசாகட்டும், உவரும் சரித்திரமாவார்.

நேற்று மறுபடி எடுத்தான். ஆதாரம் ஏதும் எங்கட வளவிலேயே கிடக்குமோ என்று கேட்டான். கிடக்கிறது, மகனே. உன்ரை கொப்பர், என் உடன்பிறந்த தம்பி, கனடாவுக்குப் போகமுதல் ஒரு இரவில் கிழக்கு வேலிக் கதியாலை ஒன்றரை அடி என் பக்கம் தள்ளி நட்டார். பூவரசங் கதியால். இப்போது மரமாகி நிழல் தருகிறது. பரம்பரையில் கொள்ளைக்காரன் இல்லையென்று நான் எப்போதாவது சொன்னேனா? உறுதி என்னுடைய அலுமாரியில் இருக்கிறது. அந்த ஒன்றரை அடி அதில் என்னுடைய பெயரில்தான் எழுதியிருக்கிறது.