ஏலக்காய் விலைப் பக்கமும் இருவகைக் கண்களும்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலங்களின் அன்றாட விலையை ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட் எண்ணிக்கை, வரத்து, விற்றது, அதிகபட்ச விலை, சராசரி விலை. ஒரு வரிக்கு இவ்வளவுதான். இதைப் பார்ப்போர் இருவகைப்படுவர்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் தோட்டம் வாங்கியவர் முதல் வகை. இவர் பக்கத்தை மேலிருந்து படிப்பார். இலச்சினை, ஓடும் அறிவிப்பு, தமக்குச் சம்பந்தமில்லாத டெண்டர் எதையும் விடமாட்டார். வழிதவறிப் பெரிய ஏலக்காய்ப் பகுதிக்குள் நுழைந்து, கேங்டாக் விலையைக் கண்டு கலங்குவதும் உண்டு. அது சிக்கிம் பக்கம் விளையும் வேறு செடி. கடைசியில் கண் அதிகபட்ச விலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தம் மூட்டைகளின் எடையால் பெருக்கி, மாடி வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவார். அதிகபட்சம் என்பது அன்று ஏதோ ஒரு லாட்டுக்கு, 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்துப் பச்சை மாறாத காய்க்கு, கிடைத்த விலை. அது யாருடைய காய் என்று விசாரித்தால் பெரும்பாலும் நம்முடையதாக இராது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது செய்தியானதும் அந்த உச்சம்தான். சராசரி வெகு கீழே நின்றது.

பழைய வியாபாரிக்கு அந்தத் தளத்தில் இலச்சினை இருப்பதே தெரியாது. சராசரியைப் பார்ப்பார், பிறகு வரத்தில் விற்றதைக் கழிப்பார். மிச்சம் அதிகமென்றால் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள், அல்லது விவசாயி விலை கட்டுப்படியாகாமல் சரக்கைத் திருப்பிக்கொண்டார். மூன்று நொடியில் போன் சட்டைப்பைக்குள் போய்விடும். இந்தக் குருட்டுத்தனத்தை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் இருவரும் 1998-இல் ஆராய்ந்தார்கள். தேடும் தகவலை இணையப் பக்கத்தின் பளபளக்கும் பட்டைக்குள் வைத்தபோது, தேடியவர்கள் அதையே தாண்டிப் போனார்கள்.

தளத்தை மாற்றியமைக்கும் நாளில்தான் வேடிக்கை. பழகிய அமைப்பு குலைந்தால் பழகிய கண்ணும் தடுமாறும். சதுரங்க வல்லுநர்களுக்கு உண்மையான ஆட்டநிலை ஒரே பார்வையில் மனதில் பதியும். காய்களைத் தாறுமாறாக வைத்தால் அந்தத் திறமை ஏறக்குறைய மறைந்துவிடும் என்று சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் 1973-இல் காட்டினர். வியாபாரியின் கதையும் அதுவே. சராசரி இருந்த இடத்தில் இப்போது வரத்துக் கிலோ நிற்கும். அதை விலையென்று படித்து, கமிஷன் கடைக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போவார். புதியவரோ வழக்கம்போல் மேலிருந்து, டெண்டர் உட்பட, படித்துக்கொண்டிருப்பார். தளம் மாறிய விஷயமே அவருக்குத் தெரியாது.